கோசேகி கோஜிமாவின் தூரிகையும் ஓநாயின் வாளும்

படக்கதையில் ஒரு வாள்வீச்சை வரைவது எவ்வளவு கடினம் என்பது தூரிகையை எடுத்து முயன்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜப்பானியப் படக்கதை ஓவியர் கோசேகி கோஜிமாவின் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்து வரைய நான் ஒரு வாரம் உட்கார்ந்தேன். மை கூடினால் வாள் உலக்கையாகிவிடுகிறது. குறைந்தாலோ வேகம் செத்துவிடுகிறது. அந்த ஒரு வாரத்தில்தான் அவரை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.

1928 நவம்பர் 3 அன்று, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை உலகின் பிதாமகரான ஒசாமு தெசுகா பிறந்த அதே நாளில், ஜப்பானின் யோக்கய்ச்சி நகரில் கோஜிமா பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் திரையரங்குகளுக்கு விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தார். 1950இல் டோக்கியோவுக்குப் போனவர், தெருமுனையில் அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்காரர்களுக்கு வரைந்தார். அதன்பின் வாடகை நூலகங்களுக்கான படக்கதைகளுக்கு உழைத்தார். எழுத்தாளர் கசுவோ கொய்கேயுடன் சேர்ந்து 1970இல் ‘தனித்த ஓநாயும் குட்டியும்’ தொடரைத் தொடங்கியபோது அவருக்கு வயது 41.

அதற்கு முந்தைய இருபதாண்டுக் கூலி உழைப்பை வீணான காலமாக நான் நினைக்கவில்லை. சாலையில் போகிறவனை ஒரே படத்தால் நிறுத்த வேண்டும் என்பது விளம்பரப் பலகையின் பாடம். ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் நடுவில் நடந்ததைக் குழந்தையின் மனமே நிரப்பிக்கொள்ளும் என்பது கமிஷிபாயின் பாடம். அவருடைய சண்டைக் காட்சிகள் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

மனைவி கொல்லப்பட்டு, ஜப்பானின் ராணுவ ஆட்சியாளரான ஷோகுனின் மரண தண்டனையாளர் பதவியையும் இழந்த அந்தத் தொடரின் நாயகன் ஒகாமி இத்தோ, கைக்குழந்தையான மகன் தைகோரோவின் முன்னால் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. பந்தைத் தொட்டால் குழந்தை தாய் சென்ற இடத்துக்கே அனுப்பப்படும். வாளைத் தொட்டால் தந்தையோடு கொலைப்பாதையில் நடக்கும். குழந்தை தவழ்கிறது, பந்தைப் பார்க்கிறது, வாளைப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லாத இந்தக் கட்டங்களில் இருக்கும் பதற்றம், பத்துப் பேர் வெட்டுண்டு விழும் பக்கங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

சண்டையிலும் இதே பொறுமைதான். இருவர் எதிரெதிரே நிற்பார்கள், புல் சாயும், கண்கள் மட்டும் ஒரு கட்டம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். பிறகு உலர்ந்த தூரிகையின் கீறல்களாகச் சில கோடுகள் பாயும். அடுத்த கட்டத்தில் வாள் ஏற்கெனவே வேலையை முடித்திருக்கும். வெட்டு விழும் கணத்தைப் பல இடங்களில் அவர் காட்டுவதே இல்லை. ஆனால் நிற்கும் கால்களின் அகலத்தையும், இடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் துல்லியமாக வரைந்துவிடுவதால், அந்த வீச்சு எங்கிருந்து கிளம்பி எங்கே முடிந்தது என்பது நமக்கே தெரிந்துவிடுகிறது.

1976 வரை ஓடிய அந்தத் தொடர் 28 தொகுதிகளாகத் திரண்டது. 1987இல் ஆங்கிலத்தில் வந்தபோது முதல் இதழ்களுக்கு அட்டை வரைந்தவர் அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஃபிராங்க் மில்லர். 2000 ஜனவரி 5 அன்று கோஜிமா மறைந்தார். 2004இல் படக்கதைகளுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுக் குழு அவரைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

நான் பார்த்து வரைந்த பக்கத்தில் வாள் இன்னும் சரியாக வரவில்லை. அதனால் இந்த வாரம் வாளை விட்டுவிட்டு, அதன் காற்றில் சாய்ந்த புல்லை மட்டும் வரைந்துகொண்டிருக்கிறேன்.