புகார் சொல்ல மட்டும் கூப்பிடாதீர்கள்

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க டீச்சர்." கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க வரும் அப்பாக்கள் இன்றும் இதைச் சொல்கிறார்கள். கோபத்தில் சொல்வதில்லை. பிள்ளையை முழுக்க உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன் என்பதைத்தான் அவர்களுக்குப் பழகிய விதத்தில் சொல்கிறார்கள். அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் சட்டம் பேச எனக்கு மனம் வராது. "அடிக்க மாட்டேன் அண்ணே. வீட்டுல இவன் எப்படி இருக்கான்னு மட்டும் அப்பப்போ எனக்குச் சொல்லுங்க" என்பேன். வீட்டில் நடப்பது டீச்சருக்கு எதற்கு என்று பல பேர் விழிப்பார்கள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கும் இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: ஒரு பிள்ளையைப் பற்றிய சேதியில் பாதி வீட்டில் கிடக்கிறது, மீதி வகுப்பறையில் கிடக்கிறது. இரண்டும் சேராதவரை வீட்டிலும் பள்ளியிலும் ஆளுக்கொரு பட்டம் கட்டிவிடுகிறோம். அடங்காதவன், மக்கு, டிவி பைத்தியம் என்று.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கரும்பலகையில் எழுதிப் போட்டவுடன் பக்கத்துப் பிள்ளையின் நோட்டை இழுப்பான். கொடுக்கவில்லை என்றால் கை நீட்டுவான். வாய்ப்பாடு கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பான், கதை சொன்னால் கடைசிவரை அசையாமல் கேட்பான். எழுதும் நேரத்தில்தான் அத்தனை சண்டையும். அவன் அம்மாவை ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். சண்டையைப் பற்றிப் பேச்செடுக்காமல், சாயங்காலம் வீட்டில் என்ன செய்வான் என்று கேட்டேன். "என்னத்த டீச்சர், டிவிக்குள்ளயே போய் உக்காந்துக்குவான். பின்னால வாடான்னா கேக்கவே மாட்டான். அதுக்கே தினமும் அடி வாங்குறான்" என்றார்.

கரும்பலகையும் டிவியும் அந்த வரிசையில்தான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு தடவை நடமாடும் மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறது. அந்த ஆண்டு அவர்கள் வந்த நாளில் இவன் காது குத்துக்குப் போயிருந்தான். அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அம்மாவே கூட்டிப் போனார். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்ட பிறகு எழுதும் நேரச் சண்டை நின்றுபோனது, நோட்டும் அவன் நோட்டாகவே நிரம்பியது. தினமும் அடி வாங்கிய பிள்ளை அவன். அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் அம்மாவும் நானும் கொஞ்ச நேரம் பேசிக்கொள்வதுதான்.

அப்படிப் பேசிக்கொள்வது எளிதில் நடப்பதில்லை. "டீச்சர் கூப்பிட்டாங்க" என்ற சொல் வீட்டுக்குப் போனாலே, என்ன தப்பு செய்தாய் என்று பிள்ளைக்கு முதலில் அடி விழுகிறது. பெற்றோரும் தலைகுனிந்துதான் பள்ளிக்குள் வருகிறார்கள். அவர்களும் சின்ன வயதில் இதே மாதிரி ஒரு பள்ளியில் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான். அதனால் நல்ல சேதியை நானே தேடிப் போய்ச் சொல்லும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். குழாயடியில் ஒரு அம்மாவைப் பார்த்தால், "இன்னிக்கு உங்க பொண்ணு தானாவே படித்தல் களத்துல உக்காந்து ஒரு கதையை முழுசாப் படிச்சா" என்பேன். அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் சங்கடமான விஷயம் பேச வேண்டியிருந்தால் அந்த அம்மா தற்காப்புக்கு இறங்குவதில்லை. உட்கார்ந்து பேசுகிறார்.

2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது இந்தப் பேச்சு இன்னும் அவசியமானது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாத நிலை. வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியுமோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். சரியான ஏற்பாடு. ஆனால் தெருவில் அது வேறு மாதிரி பேசப்பட்டது. "மேலத் தெருப் பிள்ளை மலராம், நீ இன்னும் அரும்பா?" என்று ஒரு பெண் குழந்தையை வீட்டில் தினமும் இடித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் வகுப்பில் வாயே திறக்காமல் போனாள். அம்மாவை வகுப்பறைக்கே வரச் சொல்லிப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். மகள் எழுத்து அட்டைகளை எடுத்து 'பட்டம்' என்ற சொல்லைச் சேர்ப்பதைப் பார்த்தார். போன மாதம் அவளுக்கு எத்தனை எழுத்து தெரியும், இப்போது எத்தனை தெரியும் என்று நோட்டைக் காட்டினேன். அரும்பு என்பது அவள் எங்கிருந்து கிளம்புகிறாள் என்பதற்கான குறிப்பு, மதிப்பெண் இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு அந்த வீட்டில் ஒப்பிடும் பேச்சு குறைந்தது. அவளும் மெல்ல வாய் திறந்தாள்.

"எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்ன டீச்சர் சொல்லிக்கொடுப்பேன்?" என்று ஆயாக்கள் கேட்பார்கள். அப்பா அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பெங்களூர் கட்டட வேலையிலும் இருக்க, இங்கே பிள்ளையை வளர்ப்பது ஆயாதான். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும் என்பேன். பிள்ளை கதைப் புத்தகத்தைப் படிக்கட்டும், நீங்கள் ஊம் கொட்டுங்கள். கதையில் ஏதாவது புரியவில்லை என்றால் பிள்ளையிடமே கேளுங்கள். எழுத்துத் தெரியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்லும் பிள்ளை, கதையைத் தானும் இரண்டாம் முறை ஆழமாகப் படித்துவிடுகிறது. வீட்டுப்பாடத்தை விட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பள்ளி தன் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன் முதல் பாடவேளையில் சிணுங்கல், வயிற்று வலி, காரணமில்லாத அடிதடி எல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். விடியற்காலையில் கரும்பு வெட்டப் போகும் அம்மா பிள்ளைக்குப் பழைய சோறுகூட எடுத்து வைக்க முடியாமல் போயிருப்பார். இப்போது உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டு உட்காரும் பிள்ளைகளிடம் அந்தச் சிணுங்கல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. நடத்தை என்று நாம் எழுதி வைப்பதில் எவ்வளவு வெறும் பசியாக இருந்திருக்கிறது!

கூட்டத்தின் நேரம்தான் எனக்குத் தீராத குறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் அழகாகச் சொல்கிறது. கூட்டமோ வேலைநாள் மதியத்தில். நூறு நாள் வேலைக்குப் போன அம்மா பாதியில் எழுந்து வர முடியாது. காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ என்று வருகைப் பதிவு ஆகிறது. இரண்டாவது போட்டோவில் இல்லை என்றால் அன்றைய கூலிக்கே சிக்கல். வராத பெற்றோரை அக்கறையில்லாதவர்கள் என்று பேசுவதை ஆசிரியர் அறைகளில் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லாத பேச்சு. பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்க அந்தக் கூலிதான் வேண்டும்.

இந்த ஆண்டு எங்கள் தலைமையாசிரியர் சம்மதித்ததால், வழக்கமான கூட்டம் போக, மாதம் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் திடலில் உட்கார்ந்து பேசுகிறோம். கையெழுத்து நோட்டு கிடையாது. அம்மாக்கள் வேலை முடித்துக் குளித்துவிட்டு வருகிறார்கள். பள்ளிப் படியேறாத அப்பாக்கள் சிலர் முதலில் தூரத்தில் நின்று கேட்டார்கள், இப்போது முன்னால் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகளும் கூடவே இருக்கிறார்கள், தங்களைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று அவர்களுக்கும் தெரிகிறது. பொங்கல் முடிந்து செங்கல் சூளைக்குக் கிளம்பும் குடும்பங்கள், எந்த ஊருக்குப் போகிறோம், பிள்ளையை இங்கே ஆயாவிடம் விட முடியுமா என்று அங்கேதான் முன்கூட்டியே சொன்னார்கள். முன்பெல்லாம் வருகைப் பதிவில் பெயருக்கு நேரே தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்த பிறகே எங்களுக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கான விஷயத்தை அவர்களே எடுத்துக்கொடுத்திருக்கிறார்கள்: ராத்திரி பத்து மணிக்கு மேலும் பிள்ளை கையில் இருக்கும் செல்போன். காலையில் எந்தெந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறது என்று நானும் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.