சிவகளை நெல்லும் எங்க பத்தாப்பு பிள்ளைகளும்

தாமிரபரணிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளில சோசியல் எடுக்கேன். எங்க பிள்ளைகளுக்கு ஆதாரம் தேடுறது பெரிய வேலையே இல்ல, தலைப்ப சொன்னா போதும், பேப்பர் கட்டிங் வீடியோன்னு அள்ளிட்டு வந்துருவாங்க, ஆனா இதுல இருந்து இந்த முடிவுக்கு எப்படி வந்தன்னு கேட்டா அங்கதான் நின்னு போகும். பரீட்சைக்கு பாயிண்ட் பாயிண்டா எழுதிப் பழகின கை, அந்தக் கேள்விய யாரும் கேட்டதே இல்ல.

அதனால தூத்துக்குடி மாவட்டத்துல அகழாய்வு நடந்த சிவகளைய எடுத்துக்கிட்டேன். அங்க முதுமக்கள் தாழிக்குள்ள கிடைச்ச நெல்ல அமெரிக்காவுல பீட்டா அனலிட்டிக் லேபுக்கு அனுப்பினதுல கி.மு. 1155-ன்னு காலம் வந்துச்சு, 2021-ல முதலமைச்சர் சட்டசபையில அறிவிச்சாரு. இத மட்டும் போர்டுல எழுதிட்டு என்ன சொல்லலாம்னு கேட்டேன்.

"உலகத்துலயே முதல்ல நெல்லு வெளைய வச்சது நாமதான் டீச்சர்"ங்கான் ஒருத்தன். "ஏல, முதல்லன்னு சொல்லணும்னா மத்த எடத்தையும் பாக்கணும்லா?" சீனாவுல யாங்சி ஆத்துப் பக்கத்து நெல்லு இதவிட பல ஆயிரம் வருஷம் பழசுன்னதும் அவனுக்கு மொகம் வாடிட்டு. சரி, இங்க வெளஞ்சுதுன்னாவது சொல்லலாமா? வெளியூர்ல இருந்து வந்திருக்கலாம்லான்னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அருவா கிடைச்சுதா, குளம் இருந்துச்சான்னு கிளாஸே சூடாயிட்டு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, காலத்தக் கண்டுபிடிக்க கரி கிடைச்சா ஆகாதா, நெல்லுல என்ன விசேஷம்ங்கிற பேச்சு. தாத்தா காலத்துப் பனங்கைய இன்னைக்கு எரிச்சா அந்தக் கரி எந்தக் காலத்தக் காட்டும்னு கேட்டேன். மரம் உசுரோட நின்ன காலத்தன்னு கொஞ்ச நேரத்துல பிடிச்சுட்டாங்க. நெல்லு அப்படியில்ல, கார் போகமோ பிசானப் போகமோ நட்டு சில மாசத்துல அறுத்துருவோம், அதனால அதோட வயசும் தாழிய பொதச்ச காலமும் கிட்டத்துல இருக்கும்னு வயக்காட்டுப் பிள்ளைகளே சொல்லிட்டாங்க, நான் ஒண்ணும் சொல்லல.

நம்ம ஊருப் பெருமைய கொறைக்கியளே டீச்சர்னு ஒரு வருத்தமும் வந்துச்சு. எனக்கும் இந்த மண்ணு மேல உசுருதான், அதுக்காகத்தான் வெளியாளு யாரு வந்து குறுக்குக் கேள்வி கேட்டாலும் இவங்க பதில் சொல்லணும்னு நெனைக்கேன்.

அடுத்து பிள்ளைகள ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிட்டுப் போகணும். 1899-ல இருந்து 1905 வரைக்கும் வெள்ளைக்காரத் தொல்லியல் அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டின ஊரு, இப்ப குழிக்கு மேலயே கண்ணாடி போட்டு தாழிய பாக்க வச்சிருக்காங்க. போர்டுல இருக்கத காப்பி பண்ணாம, ஆளுக்கு ஒரு பொருளப் பாத்து இது எப்படித் தெரிஞ்சதுன்னு ஒரு கேள்வி எழுதிட்டு வரணும்னு சொல்லிருக்கேன். வேனுக்குத்தான் ஹெச்.எம்.கிட்ட பேசணும்.