அப்பாரு எந்த ஊரில் பிறந்தார்? இந்திய ஜெர்சிக்கு முதல் கேள்வி

பெங்களூரு எஃப்சி கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ் 2025 நவம்பரில் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியர் ஆனார். பிறந்தது பெர்த், அம்மா வழி மும்பை ஆங்கிலோ-இந்தியக் குடும்பம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரே கேள்விதான்: "ஏனுங்க, சிட்னியில எம்பட பேரன் நல்லா ஆடறானுங்க. அவனும் இந்தியாவுக்கு ஆடலாமுங்களா?"

ஆடலாம். ஆனால் இதில் இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. ஒன்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கொடுப்பது, இன்னொன்று இந்திய அரசு கொடுப்பது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பல வருஷம் வீணாகிறது.

ஃபிஃபா கணக்கு சுலபம். புதிதாக ஒரு நாட்டுக் குடியுரிமை வாங்குகிற வீரர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவோ அம்மாவோ, அதுவும் இல்லையென்றால் தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அப்பா வழியில் அப்பாரு, ஆத்தா, அம்மா வழியில் அப்புச்சி, அம்மிச்சி என்று நால்வரில் யாராக இருந்தாலும் சரி. அதற்கு மேல் போனால் செல்லாது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுக்கும் ஓசிஐ அட்டை பூட்டன் (தாத்தாவின் அப்பா) வழியிலும் கிடைக்கும் என்பதால், அட்டை இருக்கிறது, ஆடிவிடலாம் என்று நினைக்கிறார்கள். மலேயா எஸ்டேட்டுக்குப் போனவர் பூட்டன். தாத்தா பாட்டி, அப்பா அம்மா எல்லாரும் பிறந்தது அங்கேயே என்றால் ஓசிஐ கிடைத்தாலும் ஃபிஃபாவின் இந்த வழி அடைபட்டுப் போகிறது.

ஓசிஐ குடியுரிமையே அல்ல என்பது அடுத்த விஷயம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது என்பது 2008 முதல் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கொள்கை. மொராக்கோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன அந்த 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். மாட்ரிட்டில் பிறந்த ஹக்கிமி எதையும் விட்டுக்கொடுக்காமல் அந்தச் சட்டையைப் போட்டார். நம் பையன் பிறந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாக வேண்டும். ஜப்பானில் பிறந்த, குஜராத்தித் தந்தையின் மகன் அராட்டா இசுமி அப்படிச் செய்துதான் 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். 20 வயதுப் பையனுக்கு இது சின்ன முடிவல்ல. இரட்டைக் குடியுரிமை வேண்டும் என்று கேட்கிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் எண்ணம். ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் இரண்டு வழிகள் பொருந்தும். அப்பாவோ அம்மாவோ முன்பு இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால், விண்ணப்பத்துக்கு முன் 12 மாதம் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால், ஓசிஐ வாங்கி 5 வருஷம் ஆகியிருக்க வேண்டும், அதோடு அதே 12 மாதம். இரண்டுக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கிளப் ஒன்றில் ஒப்பந்தம் கிடைத்தால் இந்த 12 மாதம் தானாக ஓடிவிடும் என்று நம்பி, சீசன் முடிந்ததும் மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டால் கணக்கு உடைந்துவிடும். சிறப்புக் காரணம் காட்டினால் 30 நாள் வரைதான் தளர்வு. உள்துறையின் ஏற்புக் கடிதம் கைக்கு வருவதற்கு முன் பழைய குடியுரிமையை விடவே கூடாது. நடுவில் எந்த நாட்டுக்கும் இல்லாதவனாக நிற்க வேண்டி வரும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இவ்வளவு பாடு இல்லை. அங்கே பிறந்ததாலேயே குடியுரிமை வருவதில்லை. பிறந்த ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிந்து இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அவன் இந்தியன்தான்.

பையன் ஏற்கெனவே வேறு நாட்டுச் சட்டை போட்டிருந்தால் எந்த ஆட்டம் என்று பார்க்க வேண்டும். நட்பு ஆட்டம் கட்டிப்போடாது. வில்லியம்ஸ் 2019இல் ஆஸ்திரேலிய சீனியர் அணிக்கு ஆடியது நட்பு ஆட்டம்தான். 17 வயதுக்குட்பட்டோர் தகுதிச் சுற்று மாதிரி அதிகாரப்பூர்வப் போட்டி என்றால், கடைசியாக ஆடியது 21 வயதுக்கு முன்னால் இருந்தால் மாறலாம், ஒரே ஒரு முறை. சீனியர் அணிக்குத் தகுதிச் சுற்றில் ஆடியவர்களுக்கு 2020இல் ஃபிஃபா ஒரு சலுகை கொண்டுவந்தது: மூன்று ஆட்டத்துக்கு மிகாமல், 21 வயதுக்கு முன், மூன்று வருஷ இடைவெளியோடு இருந்தால் மாறலாம். ஆனால் முதல் ஆட்டத்தின்போதே மாறப்போகும் நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். ஓசிஐ பையனிடம் அது இருக்காது. அதனால் அவன் சீனியர் தகுதிச் சுற்றில் கடைசி ஐந்து நிமிடம் இறங்கினாலும் இந்தியக் கதவு சாத்திக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தாலும் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டும்: குடியுரிமை வந்த பிறகும் 2025 நவம்பர் 18 அன்று டாக்காவில் இந்தியா ஆடிய ஆட்டத்தில் வில்லியம்ஸால் இறங்க முடியவில்லை.

இனி அப்பாருவின் பிறப்புப் பதிவு. பெரும்பாலும் மாட்டுவது இங்கேதான்.

அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பைப் பதிந்தவர் மணியக்காரர். அந்தப் பதிவேட்டில் தேதி, ஆணா பெண்ணா, அப்பா பேர், அம்மா பேர் இருக்கும். குழந்தையின் பேர் பெரும்பாலும் இருக்காது. அப்பாரு வெறும் ‘ஆண்’. அதனால் பேரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. அப்பா அம்மா பேரையும் வருஷத்தையும் கொடுத்துத் தேட வேண்டும்.

வருஷத்திலும் வழுக்கும். "விரோதி வருஷம் மாசி மாசம்" என்று வீட்டில் சொல்வார்கள். விரோதி 1949 சித்திரையில் தொடங்கியது. மாசி என்றால் 1950 பிப்ரவரி, மார்ச். 1949 ஏட்டைப் புரட்டிவிட்டு, பதிவு இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதியை நம்பியும் தேட வேண்டாம். முன்பின் மூன்று வருஷம் பாருங்கள்.

ஊரும் அப்படித்தான். தலைப்பிரசவம் பொறந்த வீட்டில்தான் நடக்கும். அப்பாரு தலைச்சன் பிள்ளை என்றால் பதிவு அவருடைய அம்மாவின் ஊரில் கிடக்கும். குடும்பமே காங்கேயம் என்றாலும் ஏடு கொள்ளேகாலத்தில் இருக்கலாம். 1956 வரை அது கோயமுத்தூர் ஜில்லா, இப்போது கர்நாடகம். ஈரோடு 1979இல் தனி மாவட்டமானது. பழைய நகலில் ‘கோயமுத்தூர் ஜில்லா, ஈரோடு தாலுகா’ என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் ஈரோடு மாவட்டம் என்றிருக்கும். ஜில்லா பிரிந்த கதை வெளிநாட்டு அதிகாரிக்குத் தெரியாது. மாவட்டப் பிரிவினை அரசாணையின் நகலைக் கூடவே வையுங்கள்.

அடுத்தது பேர். அப்பாருவின் பழைய காகிதத்தில் ‘ராமசாமிக் கவுண்டர்’, அப்பாவின் சான்றிதழில் ‘ரா. கந்தசாமி’, சிட்னியில் பேரனின் குடும்பப் பேர் ‘கந்தசாமி’. மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பேர். சாமியை ஆங்கிலத்தில் எஸ்-ஏ-எம்-ஒய் என்று ஒருவரும் எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஒய் என்று இன்னொருவரும் எழுதியிருப்பார்கள். பேரன் சான்றிதழில் அப்பா பேர், அப்பா சான்றிதழில் அப்பாரு பேர் என்று சங்கிலி அறாமல் வர வேண்டும். எழுத்து மாறும் இடத்தில் இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரம் போடுங்கள். பழைய பதிவில் கை வைத்துத் ‘திருத்த’ வேண்டாம். 2025 ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற மலேசிய அணியில், தாத்தா பாட்டி பிறந்த ஊர் என்று காட்டிய காகிதம் ஃபிஃபா நேரடியாக எடுத்த அசலோடு ஒத்துப்போகவில்லை. செப்டம்பரில் ஏழு வீரர்களுக்கு 12 மாதத் தடை விதித்தார்கள், மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம்.

கோவை நேரு ஸ்டேடியத்தில் 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டியின் ஸ்பெயின் வீரர்களை நினைத்து, அவர்கள் இங்கேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களும் உண்டு. ரத்த உறவு இல்லாதவருக்கு ஃபிஃபா கேட்பது 18 வயதுக்குப் பிறகு 5 வருஷ வாசம். இந்தியச் சட்டம் கேட்பது மொத்தம் 12 வருஷம். அதற்குள் ஆடும் வயது போய்விடும்.

1964 சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இது தலைகீழாக வரும். அப்பாரு கண்டியில் பிறந்தவர், அப்பா கோத்தகிரியில் பிறந்தவர் என்றால், கனடாவில் பிறந்த பேரனுக்கு அப்பாவின் சான்றிதழே போதும். அப்பாருவைத் தேட வேண்டியதில்லை. அதே பேரன் கோவையில் பிறந்திருந்தால் ஃபிஃபா கணக்கில் இலங்கைக்கும் ஆடலாம். ஆனால் இலங்கைக் குடியுரிமை எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும்.