பேசாத ரேடியோ

டெல் அவீவ் பக்கம் ஓர் ஊரில், 86 வயது மூதாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டில் எல்லாரும் அவரை ‘சாவ்தா’ என்பார்கள், எபிரேயத்தில் பாட்டி. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம் என்னுடையது. ஓய்வுநாள் என்றால் ஞாயிறு காலை பூசை, மதியம் கறிக்குழம்பு, அப்புறம் தூக்கம். யூதர்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை; ஓய்வுக்கு இத்தனை ஆயத்தம் வேண்டும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. வெள்ளி மாலைக்குள் சமைத்து முடித்து, ‘பிளாட்டா’ என்கிற சூட்டுத்தட்டில் பாத்திரங்களை ஏற்றிவிட வேண்டும். விளக்குகளுக்கு டைமர். சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டால், சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யாரும் ஸ்விட்சையோ போனையோ தொட மாட்டார்கள். யூதரல்லாத என்னிடம்கூட லைட்டை அணைக்கச் சொல்லி நேராகக் கேட்கக் கூடாது. “இந்த ரூமில் என்ன இவ்வளவு வெளிச்சம்” என்பார் சாவ்தா. மிச்சத்தை நான் புரிந்துகொள்ள வேண்டும்.

2023 அக்டோபர் 7 சனிக்கிழமை. சிம்ஹாத் தோரா பண்டிகையும் அன்றுதான். காலையில் சைரன். பழைய கட்டடம், வீட்டுக்குள் பாதுகாப்பு அறை கிடையாது. ஒன்றரை நிமிடத்தில் வாக்கரோடு அவரை மாடிப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். போனேன். அன்று அந்த வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். காசா எல்லையில் நடந்தது துண்டு துண்டாக வந்துகொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆனால் நான் போனை எடுத்தபோதெல்லாம் சாவ்தா என் முகத்தையே பார்த்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், பாத்ரூமுக்குள் போய்ச் செய்தி படித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேஜையில் கிடந்த பேரனின் போன் விடாமல் அதிர்ந்தது. எடுத்தான். ரிசர்வ் படைக்கு அழைப்பு. சனிக்கிழமையில் வண்டிச் சத்தமே கேட்காத தெரு அது; அன்று ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் கிளம்பின. சைரனைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாவ்தா தடுக்கவில்லை. ‘பிக்குவாஹ் நெஃபெஷ்’ என்று மட்டும் சொன்னார். உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்பதுகூட இல்லை, மீறியே ஆக வேண்டும். மக்கபேயர் என்ற பழைய யூதப் போராளிகளின் காலத்தில் ஓய்வுநாளில் எதிர்த்து நிற்க மறுத்து ஆயிரம் பேர் செத்தார்கள், அதன் பிறகே தற்காத்துப் போரிடலாம் என்று தீர்மானித்தார்கள். எங்கள் விவிலியத்திலும் இருக்கிற கதைதான். ஊரில் கேட்டபோது ஏதோ பழங்கதை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் வந்த வாரங்களில் வெள்ளி மாலையே ரேடியோவைப் போட்டு வைக்கப் பழகினோம். ‘மௌன அலை’ என்று ஓர் ஒலிபரப்பு: பாட்டு, செய்தி எதுவும் இல்லை, எச்சரிக்கை வந்தால் மட்டும் பேசும். முதல் தடவை, கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பின்பக்கம் தட்டிப் பார்த்தேன். இரவில் அது பேசாமல் இருப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

2025 ஜூன் 13, வெள்ளி இரவு. ஈரான் ஏவுகணைகள். மேஜையில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. எரிகிற விளக்கை அவர்கள் நகர்த்தக் கூடாது. “மேஜை விரிப்பு துணிதானே” என்றார் சாவ்தா, வாக்கரைப் பிடித்தபடி. தட்டோடு தூக்கிக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: “மேஜை ஒரே இருட்டாக இருக்கிறதே.”

போய்த் தட்டை எடுத்து வந்தேன்.