கதவடியில் வந்த ஒன்பது பெயர்கள்

2021 டிசம்பர் முதல் வாரம். காலையில் எழுந்து வந்தால் வாசல் கதவுக்கு அடியில் ஓர் அட்டை கிடந்தது. பச்சை ஓரம் போட்ட சின்ன அட்டை. மேலே பண்டிகை வாழ்த்து, கீழே ஒன்பது பெயர்கள். கட்டடத்தில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு நல்ல பழக்கம் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். பொங்கல் தாண்டியும் அது அங்கேயே இருந்தது.

அது டிசம்பரில் ஊழியர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கான பெயர்ப் பட்டியல் என்று எனக்குத் தெரிந்தபோது பிப்ரவரி ஆகிவிட்டது. நியூயார்க்கில் டோர்மேன், அதாவது வாசல் காவலர், இருக்கும் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவரும் நம் ஆட்களுக்கு நான் பட்ட மனவருத்தம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து வந்து முதல் இரண்டு வருடம் டல்லாஸ் பக்கம் இருந்தோம். அங்கே காரை வாசலில் நிறுத்தி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால் முடிந்தது. நடுவில் ஒரு மனிதரும் கிடையாது. 2021 செப்டம்பரில் கணவருக்கு வேலை மாறி நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ரீகோ பார்க்குக்கு வந்தோம். குவீன்ஸ் பூலவார்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பழைய செங்கல் கட்டடம். கீழே லாபி, லாபியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர். நான்கு டோர்மேன்கள் முறை வைத்து வருவார்கள். அவர்களைத் தவிர கூட்டிப் பெருக்கிக் குப்பையைப் பார்த்துக்கொள்ள மூன்று போர்ட்டர்கள், சில்லறைப் பழுது பார்க்க ஒரு ஹேண்டிமேன், எல்லாருக்கும் மேலே சூப்பர். சூப்பர் என்றால் சூப்பரின்டெண்டென்ட், கட்டடத்தின் பொறுப்பாளர். எங்கள் சூப்பர் மான்டெனீக்ரோவிலிருந்து வந்த அல்பேனியர், தரைத்தளத்தில் குடும்பத்தோடு குடியிருக்கிறார். ஒன்பது வீடுகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடம் என்றால் அதைப் பார்த்துக்கொள்கிறவர் பொதுவாக அங்கேயே, அல்லது பக்கத்திலேயே, குடியிருக்க வேண்டும் என்பது இந்த நகரத்தின் விதி.

ஹோட்டலில் டிப்ஸ் வைப்பதை டெக்சஸிலேயே பழகியிருந்தோம். பில்லிலேயே கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள், கணக்குப் போட்டு எழுதிவிடலாம். டிசம்பரில் கட்டட ஊழியர்களுக்குக் கொடுப்பதற்கு அப்படி ஒரு கோடு கிடையாது. யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்லித்தரவும் மாட்டார்கள். பெயர்ப் பட்டியல் மட்டும் கதவடியில் வரும். புரிந்தவர்களுக்குப் புரியும்.

எனக்குச் சொன்னது மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி. தாஷ்கெண்டிலிருந்து வந்தவர், மத்திய ஆசியாவின் புகாரா யூதர். 108-ஆம் தெருவைச் சுற்றி அவர்கள் நிறைய இருக்கிறார்கள். அடித்தளத்தில் துணி துவைக்கும் அறையில் பேசிக்கொண்டிருந்தபோது, டிசம்பர் கவர்களை இந்த முறை புது வருடத்துக்குப் பிறகுதான் கொடுக்க முடிந்தது என்று பேச்சுவாக்கில் சொன்னார். என்ன கவர் என்று கேட்டேன். அவர் மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உனக்குப் பட்டியல் வரவில்லையா?" வந்தது, ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் போர்வையை மடித்து முடித்தார். அப்புறம், "சரி, இந்த வருடம் கொடு. அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் இருந்தது. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜனவரியில், இரவு இரண்டரை மணிக்கு மகனுக்குக் காய்ச்சல் நூற்று நான்கைத் தாண்டிவிட்டது. வலிப்பு வந்துவிடுமோ என்று பயந்து, லாபிக்கு இன்டர்காமில் சொல்லிவிட்டு, குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். நாங்கள் லிஃப்டை விட்டு வெளியே வருவதற்குள் இரவு டோர்மேன் தெருவில் நின்று ஒரு டாக்ஸியை மறித்து வைத்திருந்தார். எக்வடார்க்காரர், ஐம்பது வயது இருக்கும். கோட்டு போட்டுக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போன குளிரில் சட்டையோடு நின்று கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் திரும்பி வந்தபோது அவருடைய வேலை நேரம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. குழந்தை எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு போகலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

டிசம்பரில் ஒரு பைசா கொடுக்காத வீடு நாங்கள். அது அவருக்கு அன்றைக்கே தெரியும்.

ஒன்பது பேரில் ஒருவர்கூட எங்களிடம் முகம் சுளித்ததில்லை. அம்மா மதுரையிலிருந்து அனுப்பிய பார்சலின் மூலை பிய்ந்து இட்லிப் பொடி கசிந்தபோது, பகல் டோர்மேன் அதற்கு டேப் போட்டு ஒட்டி, மேசைக்கடியில் தனியாக வைத்திருந்து கொடுத்தார். காசு கொடுத்தால்தான் கவனிப்பார்கள் என்று சிலர் சொல்வது எங்கள் அனுபவத்தில் உண்மை இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்பாவின் நினைவு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின வாரமே அப்பா வங்கிக்குப் போய்ப் புது நோட்டு வாங்கி வருவார். தபால்காரர், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், லைன்மேன், தெரு கூட்டும் அம்மா எல்லாருக்கும் தனித்தனிக் கவர், கூடவே ஒரு பொட்டலம் அதிரசமும் முறுக்கும். யாரையும் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துக் கொடுக்கக் கூடாது என்பதில் அப்பா கறாராக இருப்பார். தெரு கூட்டும் அம்மா திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்த பிறகுதான் கவர் வெளியே வரும். நூற்றியொன்று, ஐம்பத்தொன்று என்று எப்போதும் ஒரு ரூபாய் கூட இருக்கும். அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு இங்கே ஒன்பது பேரை வெறுங்கையோடு விட்டிருக்கிறேன்.

ஏப்ரலில் இன்னொரு கடிதம் வந்தது. இது நிர்வாகத்திடமிருந்து. ஊழியர்களின் சங்க ஒப்பந்தம் ஏப்ரல் 20-ஆம் தேதியோடு முடிகிறது, வேலைநிறுத்தம் வரலாம், குடியிருப்பவர்கள் தயாராக இருக்க வேண்டும் என்று இரண்டு பக்கம். இந்த நகரத்தில் டோர்மேன், போர்ட்டர், சூப்பர் ஆகியோரின் சங்கம் 32பிஜே. 1934-இல் தொடங்கியது. கடைசியாக 1991-இல் பன்னிரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். லாபி மேசையில் உட்கார ஆள் வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒருவராகப் பெயர் கொடுங்கள். குப்பையை நீங்களே அடித்தளத்துக்குக் கொண்டுவந்து பிரித்து வையுங்கள். பெரிய பார்சல் எதையும் வரவழைக்காதீர்கள். வீடு மாற்றுவது, மராமத்து எல்லாம் நிறுத்தம். விருந்தாளி வந்தால் நீங்களே இறங்கி வந்து அழைத்துப் போங்கள். ஒன்பது பேர் தினமும் செய்கிற வேலை எவ்வளவு என்று அந்த இரண்டு பக்கத்தில்தான் முழுதாகப் பார்த்தேன். அதில் எழுதாதவையும் இருக்கின்றன. அக்டோபர் முதல் மே முடிய, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக அடித்தளத்தில் பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவர் சூப்பர். இரவு ஒன்பது மணிக்கு மேல் விடியற்காலைக்குள் பனி பெய்வது நின்றால், காலை பதினொரு மணிக்குள் நடைபாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும். நாம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பாதை கறுப்பாகத் தெரிகிறதென்றால், நான்கு மணிக்கே ஒருவர் பனி அள்ளும் ஷவலோடு இறங்கியிருக்கிறார்.

வேலைநிறுத்தம் வரவில்லை. கெடு முடிவதற்கு ஒரு வாரம் முன்பே உடன்பாடு ஆகிவிட்டது. சம்பள உயர்வு கிடைத்தது, பெருந்தொற்றுக் காலத்தில் வேலை செய்ததற்காகத் தலைக்கு 3,000 டாலர் கிடைத்தது. மருத்துவக் காப்பீட்டுக்கு ஊழியர்களும் பங்கு கட்ட வேண்டும் என்ற முதலாளிகள் தரப்புக் கோரிக்கை கைவிடப்பட்டது.

"அப்படியென்றால் நல்ல சம்பளம்தானே, நாம் எதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான், நம்மவர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள். சம்பளம் வேலைக்கு. குளிரில் கோட்டில்லாமல் நின்றது எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. எங்கள் ஊரில் தபால்காரருக்கும் அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அப்பா ஒரு வருடமும் அதைக் காரணம் சொன்னதில்லை. இதைச் சொன்னதும் அவர், "சரி, எவ்வளவு ஆகும் சொல்லு" என்று காகிதத்தை எடுத்துவிட்டார்.

எவ்வளவு என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பெரிய கட்டடமா சின்னதா, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை வருடமாகக் குடியிருக்கிறோம், நம் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் பார்க்க வேண்டும். சில கட்டடங்களில் எல்லாரிடமும் வசூலித்து ஒரே நிதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். முதலில் அதை விசாரித்துவிடுங்கள். வழக்கத்தில் சூப்பருக்கு அதிகம், டோர்மேனுக்கு அடுத்தது, போர்ட்டருக்குக் குறைவு. இந்தக் கடைசிப் படி எனக்குப் பிடிக்கவில்லை. போர்ட்டர் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நம் குப்பையைத் தொடுகிறவருக்கு, நமக்குக் கதவைத் திறக்கிறவரைவிட எதற்குக் குறைக்க வேண்டும்? சூப்பருக்கு 101, மற்ற எட்டுப் பேருக்கும் தலைக்கு 51 என்று முடிவு செய்தோம். மொத்தம் 509 டாலர். எங்களுக்கு அது பெரிய தொகை. செப்டம்பரிலிருந்தே மாதா மாதம் எடுத்து வைத்தேன். முடியாதவர்கள் இருபதே வையுங்கள். கையால் நான்கு வரி எழுதி வையுங்கள். கவரின் மேல் அவர்கள் பெயரும் உள்ளே உங்கள் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கட்டும். அட்டையில் பாதிப் பெயர்கள் சுருக்கமாக இருந்ததால், டோர்மேனிடம் கேட்டு ஒவ்வொரு பெயரையும் சரியாக எழுதிக்கொண்டேன். டிசம்பர் இரண்டாம் வாரம் நல்ல நேரம். கிறிஸ்துமஸ் செலவுக்கு அவர்கள் கையில் இருக்கும்.

தபால்காரருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். மத்திய அரசு விதிப்படி அவர்கள் பணம் வாங்கக் கூடாது. ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்புக்குள், வருடத்துக்கு ஒரு வீட்டிலிருந்து 50 டாலருக்கு மிகாமல் பொருளாக வாங்கலாம். நான் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

இரவு டோர்மேனிடம் கவரைக் கொடுத்தபோது அவர் திறந்து பார்க்கவில்லை, இரண்டு கையாலும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். மறுநாள் என்னிடம், ஒரு டாலர் தவறி உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டார். எங்கள் ஊரில் பூஜ்யத்தில் கணக்கை முடிக்க மாட்டோம், ஒன்று சேர்த்தால் அது தொடரும் என்று அர்த்தம் என்றேன். அந்த ஒரு டாலரைச் செலவழிக்காமல் பர்ஸில் மகள் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதாகப் பிறகு காட்டினார்.

எட்டுக் கவர்களைக் கொடுத்துவிட்டேன். விடியற்காலைப் போர்ட்டர் மட்டும் பாக்கி. அவரை நான் ஒரு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மேசையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று டோர்மேன் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து அடித்தளத்துக்குப் போனேன். நீலப் பைகள் மலையாகக் குவிந்திருக்க, ஓர் இளைஞர் பால் டப்பாக்களை ஒன்றொன்றாக எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எதையாவது தவறாக எறிந்துவிட்டுத் தேடி வந்திருக்கிறேனோ என்று நினைத்து, "என்ன தொலைந்தது?" என்றார். கவரை நீட்டினேன். ஈரக் கையுறையைக் கழற்றி, கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினார். மேலே எழுதியிருந்த தன் முழுப் பெயரை மெதுவாகப் படித்தார். வீட்டு எண்ணைச் சொன்னேன்.

"ஓ, அரிசி வீடு!" என்றார்.

என்னைக் கூட்டிக்கொண்டு போய் பாய்லர் அறைக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினார். நாங்கள் தூக்கி எறிந்த இருபது பவுண்டு பொன்னி அரிசிப் பைகள், ஜிப் வைத்தவை, ஆறு ஏழு வரிசையாக நின்றன. கழுவிக் காயவைத்து, பனிக்குப் போடும் உப்பை அவற்றில் நிரப்பி வைத்திருந்தார். கடையிலிருந்து வரும் உப்பு மூட்டையைத் தூக்கி நடக்கக் கை வலிக்கும், இதில் பிடி இருக்கிறது, ஜிப்பும் இருப்பதால் ஈரம் உள்ளே போகாது என்று விளக்கினார்.

அன்றிலிருந்து அரிசி தீர்ந்ததும் பையை உதறி, மடித்து, அடித்தளக் கதவோரம் வைத்துவிடுகிறேன். அந்தக் குளிர்காலத்தில் நியூயார்க்கில் பனியே இல்லை. பிப்ரவரி முதல் தேதி காலையில்தான் கொஞ்சம் தூவியது. மகனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினால், வாசல் படியில் உப்பு தூவியிருந்தது. தெருமுனையில் அவர் பொன்னிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து நடைபாதையில் வீசிக்கொண்டு போனார்.