நடுவில் நிற்க வேண்டிய குரல்

ஜூன் 12, வியாழன்

காதருகே விரல்களை உரசிப் பார்த்தேன். வலப்பக்கம் கேட்டது, இடப்பக்கம் நேற்றைப் போலவேதான்.

ஜூன் 13, வெள்ளி

ஆலங்குளத்து அண்ணாச்சி என் கார் ஆடியோ கடையில் வண்டியை விட்டுவிட்டுப் போனார். ஆனிக் கடைசிச் செவ்வாயில் அவருடைய குலதெய்வக் கோயிலில் கொடை. அதற்குள் பாட்டு சரியாகிவிட வேண்டுமாம். பென் டிரைவில் அவர் கொடுத்திருப்பது அந்தக் கோயில் கொடையிலேயே பல வருடங்களுக்கு முன் கேசட்டில் பிடித்த வில்லுப்பாட்டு. ஒற்றை மைக்கில் பிடித்த மோனோ. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒலிதான் போகும் என்பதால், வண்டி ஒழுங்காக இருந்தால் பாடுகிறவரின் குரல் டேஷ்போர்டின் நட்டநடுவில் நின்றாக வேண்டும். குடத்தின் அடி கீழ்சுரத்துக்கு, வீசுகோல் நாணில் விழும் அடி நடுச்சுரத்துக்கு, வில்லில் கட்டிய மணிகள் மேல்சுரத்துக்கு. பணம் கொடுத்து வாங்கினாலும் இதைவிட நல்ல சோதனைப் பாட்டு எனக்குக் கிடைக்காது.

“தம்பி, பாடுதவரு எனக்கு முன்னால நிக்கணும். இப்ப வலது முழங்காலுக்குக் கீழ உக்காந்துல்லா பாடுதாரு” என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது. ஆனால் எனக்குக் கேட்டதை வைத்து இப்போது எதையும் சொல்லக் கூடாது என்பதால், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மாத்திரை 6 ஆவது நாள்.

ஜூன் 14, சனி

நான்கு கதவுகளின் டோர் பேடையும் கழற்றினோம். முன்பு கைவைத்தவர் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிவிட்டு, உள்தகட்டில் இருந்த பெரிய துளைகளை அப்படியே திறந்து விட்டிருக்கிறார். கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் அந்தத் துளை வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு எத்தனை வாட்ஸ் ஆம்ப் வைத்தாலும் குடம் தகர டப்பாவாகத்தான் ஒலிக்கும். வெளித்தகட்டுக்கு அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டி உருளையால் அழுத்திவிட்டு, துளைகளை அலுமினியத் தகடு வைத்து மூடினோம். கடைப் பையன் கதவை முட்டியால் தட்டிப் பார்த்து, பூசணிக்காயைத் தட்டினாற்போல் இருக்கிறது என்றான். அது சரியான உவமை.

மாலையில் 1.5 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒயரிலும் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். வலது கதவில் கூம்பு வெளியே எழும்பியது. இடது கதவில் உள்ளே போனது. மறுபடி தொட்டேன்; மறுபடியும் உள்ளே போனது. முனை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்! இரண்டும் எதிரெதிராக அசைந்தால் கீழ்சுரம் வெட்டுப்படும், குரலும் ஓரிடத்தில் நிற்காது. அப்படியானால் இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று நேற்று எனக்குத் தோன்றியது இந்த ஒயரால்தான் என்று, கடை அடைத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். வண்ணார்பேட்டையிலிருந்து பாளையங்கோட்டை வரும்வரை அது உண்மையாகவே இருந்தது.

ஜூன் 16, திங்கள்

ஆம்ப் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற கெயின் அளவை வைத்தேன். 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் மீட்டரில் 17.3 வோல்ட், அதற்கு மேல் திருகினால் ஒலி கூடாது, கிழியத்தான் செய்யும். மீட்டரைப் பார்த்துச் செய்யும் வேலைகள் எல்லாம் எவ்வளவு நிம்மதியானவை. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறிய கீச்சொலி, எர்த்து போல்ட்டின் அடியில் பெயின்டைச் சுரண்டாமல் விட்டிருந்ததால் வந்தது. சுரண்டி இறுக்கியதும் நின்றுவிட்டது என்று பையன் சொன்னான்.

ஜூன் 17, செவ்வாய்

காற்று. மேற்கே சாரல், இங்கே வெறும் புழுதிக் காற்று. ஷட்டர் ஓயாமல் அடித்துக்கொண்டதில் மைக்கை வெளியே எடுக்கவே முடியவில்லை.

ஜூன் 18, புதன்

டேப்பை எடுத்துக்கொண்டு, ஓட்டுகிறவரின் தலை இருக்கும் இடத்திலிருந்து அளந்தேன். வலது கதவு 84 செ.மீ., இடது கதவு 138 செ.மீ., பின்னால் டிக்கியில் கீழ்சுரத்துக்கான சப்வூஃபர் 175 செ.மீ. நம் ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருவதால் வலது ஸ்பீக்கரின் ஒலி 54 செ.மீ. முன்கூட்டியே காதை அடைந்துவிடுகிறது. நேரக் கணக்கில் ஒன்றரை மில்லி செகண்டுதான். ஆனால் முதலில் வந்து சேர்வதைத்தான் காது நம்பும். பிறகு வருவது அதே சத்தத்துடன் வந்தாலும், முதலாவது வந்த திசையிலிருந்தே இதுவும் வந்ததாக எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹாஸ் 1949 இல் ஆராய்ந்து எழுதியது இதைத்தான். அண்ணாச்சியின் முழங்காலுக்குக் கீழே பாடகர் போய் உட்கார்ந்ததற்கும் காரணம் இதுவே.

ஏசி போட்ட வண்டிக்குள் ஒலி ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 34.7 செ.மீ. போகும். ஆகவே ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் கருவியான டிஎஸ்பியில் சப்வூஃபருக்கு 0, இடது கதவுக்கு 1.07, வலது கதவுக்கு 2.62 என்று தாமதம் கொடுத்தேன். மேல்சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்களான ட்வீட்டர்களையும் தனித்தனியே அளந்து கொடுத்தேன். தூரமாக இருப்பது முதலில் கிளம்ப வேண்டும், பக்கத்தில் இருப்பது காத்திருக்க வேண்டும். வெயிலில் நின்ற வண்டிக்குள் காற்று சூடாகும்போது ஒலி இன்னும் வேகமாகப் போகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மில்லி செகண்டில் நூறில் சில பங்குதான் மாறுகிறது, அதை விட்டுவிடலாம்.

கீழ்சுரத்தைச் சப்வூஃபருக்கும் மீதியைக் கதவுக்கும் பிரித்து அனுப்ப, 80 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்–ரைலி க்ராஸ்ஓவர் வைத்தேன். வெட்டும் இடத்தில் கதவும் சப்வூஃபரும் தலைக்கு 6 டெசிபல் இறங்கி, இரண்டும் சேரும்போது மட்டமாக நிற்கும். எல்லாம் முடித்து வில்லுப்பாட்டைப் போட்டேன். குடம் முன்னால் வந்துவிட்டது. முதல் முறையாகக் குடம் டிக்கியிலிருந்து வராமல் காலடியிலிருந்து வந்தது.

குரல் முன்கண்ணாடியின் வலது ஓரத் தூணான ஏ பில்லர் ஓரமாகவே நின்றது.

ஜூன் 19, வியாழன்

மாத்திரை 12 ஆவது நாள். பையனை டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

முதலில் ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்சிஏ ஒயர்களை இடம் வலம் மாற்றிச் சொருகினேன். குரல் நகரவில்லை, ஆகவே பாட்டிலும் ஸ்டீரியோவிலும் குறையில்லை. மிச்சம் இருப்பவை ஆம்ப், ஸ்பீக்கர், வண்டி, நான். மீட்டரும் டேப்பும் ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஏற்கெனவே விடுவித்துவிட்டன.

பிறகு ஓட்டுகிறவரின் இருக்கையில் முழங்காலிட்டு, ஹெட்ரெஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தேன். தலை இருக்கும் இடம் அதே இடம், கணக்கும் அதே கணக்கு. திரும்பியவன் நான் மட்டும். குறை வண்டியில் இருந்தால் குரல் வண்டியின் வலப்பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும். பாட்டை ஓடவிட்டேன். குரல் வண்டியைக் கடந்து இடது பக்கம், அதாவது என்னுடைய வலது காதுப் பக்கம், வந்து நின்றது. மறுபடி நேராக உட்கார்ந்தேன், குரலும் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. மூன்று முறை திரும்பினேன். மூன்று முறையும் அது, பழகிய நாய்க்குட்டி போல, என் வலது காதின் பின்னாலேயே வந்தது.

பையன் டீயுடன் வந்து, “என்ன அண்ணே, பின்னால எதுவும் இரையுதா?” என்று கேட்டான். ஆமாம், பின்சீட்டில் ஏதோ அதிர்கிறது என்றேன். பாவம், அவன் இரண்டு மணி நேரம் பின்சீட்டுக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான்.

ஜூன் 20, வெள்ளி

விரல்கள், வலது கேட்டது.

ஜூன் 22, ஞாயிறு

முதன்முதலில் போனபோது டாக்டர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை முழங்கையில் தட்டி, என் நெற்றியின் நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டதை நினைத்துக்கொண்டிருந்தேன். நெற்றி நடுவில் வைத்த ஒலி வலப்பக்கமாக நகர்ந்து போனது. இத்தனை வருடமாக நான் பிறருடைய வண்டியில் செய்த சோதனையை அவர் ஒரே ஒரு கம்பியில் செய்துவிட்டார். கேள்திறன் படத்தில் இடது கோடு 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கல்குவாரியில் இறங்குவது போல் இறங்குகிறது. வேறொருவருடைய கதவு ஸ்பீக்கரின் வரைபடம் என்று யாராவது காட்டியிருந்தால், ட்வீட்டர் போய்விட்டது, மாற்றிவிடலாம் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஜூன் 23, திங்கள்

காற்று ஓய்ந்திருந்தது. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்து, எல்லாச் சுரமும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸ் ஓடவிட்டு, தலை இருக்கும் இடத்தைச் சுற்றி மைக்கை மெதுவாக அசைத்து அளந்தேன். ஐந்தே நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. 160 ஹெர்ட்ஸில் ஒரு மேடு, அது இரண்டு கதவுகளுக்கும் பொது. 2500க்கு மேல் வலது ட்வீட்டர் மட்டும் கண்ணாடியில் பட்டுத் தெறித்து உயர்ந்திருந்தது. ஒலியைச் சுரம் சுரமாகக் கூட்டிக் குறைக்கும் 31 பட்டைகளையும் சிரிக்கும் வாய்போல இரு ஓரமும் தூக்கி வைத்திருந்த பழைய அமைப்பை அழித்துவிட்டு, மேடுகளை மட்டும் வெட்டினேன். பள்ளத்தைத் தூக்கக் கூடாது. இரண்டு அலைகள் மோதி விழுந்த பள்ளமாக இருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 8 டெசிபல் உயரத்தில் தொடங்கி மேல்சுரம் வரை சீராக இறங்கும் கோடு வந்தது. திரையில் பார்க்க அழகாக இருந்தது.

ஆனால் அழகை யாராவது கேட்டுச் சொல்ல வேண்டும். பையனை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பாடுகிறவரை விரலால் காட்டச் சொன்னேன். அவன் காட்டிய இடத்தில் டேஷ்போர்டின் மேல் மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு ஒட்டினேன். பிறகு டீக்கடை மாஸ்டர், எதிர்க்கடை டயர்க்காரர், மதிய சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி. நான்கு துண்டுகளும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்குள் விழுந்தன. ஐந்தாவது துண்டை நான் எனக்காக ஒட்டினேன். அது தன்னந்தனியாக வலது ஓரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 26, வியாழன்

அண்ணாச்சி வந்தார். டேப் துண்டுகளை முன்பே உரித்துவிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். வில்லில் மணி குலுங்கிய இடத்தில் அவருடைய இடது கை தானாக எழுந்து டேஷ்போர்டின் நடுவைக் காட்டியது. “மணி பாடுதவரு பக்கத்துலல்லா கேக்குது தம்பி” என்றார். நடுவில் நிற்கும் அந்த மணிகளை நான் இந்தப் பாட்டில் இதுவரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பேசியதற்கு மேல் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

ஜூன் 28, சனி

இரவு என்னுடைய சொந்த வண்டியில் டிஎஸ்பியில் சேமித்து வைக்கும் அமைப்பான பிரீசெட்டில் இரண்டாவதை எனக்காக வைத்தேன். குரல் நடுவுக்கு வரும்வரை இடது பக்கத்தை மேல்சுரத்தில் ஏற்றிக்கொண்டே போனேன். 9 டெசிபலில் வந்தது. 9 டெசிபல் என்றால் எட்டு மடங்கு சக்தி. சின்ன ட்வீட்டர் எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு. குரல் நடுவுக்கு வந்தபோது ஒரு பாட்டு முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து பக்கத்தில் ஏறினாள். ஏறிய வேகத்திலேயே இடது காதைப் பொத்திக்கொண்டு, “அப்பா, இந்தப் பக்கம் மட்டும் கத்துது” என்றாள்.

முதல் பிரீசெட்டுக்கு மாற்றினேன். இரண்டாவதை அழிக்கவில்லை.

ஜூன் 30, திங்கள்

வியாழக்கிழமை மறுபடி கேள்திறன் சோதனை. கடையில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. பையனிடம் மைக்கையும் டேப்பையும் கொடுத்து, தாமதக் கணக்கை அவனையே போடச் சொன்னேன். இடதையும் வலதையும் மாற்றிப் போட்டுவிட்டான், பிறகு தானாகவே கண்டுபிடித்தும் விட்டான்.

ஜூலை 3, வியாழன்

கிளம்புவதற்கு முன் இடது காதருகே விரல்களை உரசினேன். ஏதோ கேட்டது. மறுபடியும் காற்று தொடங்கிவிட்டதால், அது விரலா ஜன்னலா என்று தெரியாமல், ஜன்னலைச் சாத்திவிட்டு