மெமரி கார்டில் மறைந்திருக்கும் லினக்ஸ் பிரிவு

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் ஓடிய மெமரி கார்டை விண்டோஸ் கணினியில் செருகியதும், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி தோன்றினால், தயவுசெய்து உடனே ஒப்புதல் அளித்துவிடாதீர்கள். கார்டு பெரும்பாலும் பழுதடைந்திருக்காது. அதில் இரண்டு பிரிவுகள் (பார்ட்டிஷன்கள்) இருக்கும். இயக்கத்தைத் தொடங்கும் சிறிய பிரிவு, கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட்32 என்ற முறையில் இருப்பதால் விண்டோஸுக்குப் புரிகிறது, நம் கோப்புகள் இருக்கும் பெரிய பிரிவோ லினக்ஸ் இயங்குதளத்தின் எக்ஸ்ட்4 முறையில் இருப்பதால் அதற்குப் புரிவதில்லை. 2017ஆம் ஆண்டுக்கு முந்தைய விண்டோஸ் பதிப்புகள், கழற்றக்கூடிய கார்டுகளில் முதல் பிரிவை மட்டுமே காட்டின என்பதால், இரண்டாவது பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாமல் போனது.

நான் பரிந்துரைக்கும் வழி, பென் டிரைவிலிருந்து லினக்ஸை நேரடியாக இயக்கிக் கோப்புகளை நகலெடுப்பதுதான். எக்ஸ்ட்4 பிரிவைப் படிக்கும் மென்பொருள்கள் விண்டோஸுக்கும் உண்டு. ஆனால் எழுதும் வசதி கொண்டவற்றை, வேறு நகல் இல்லாத கார்டில் நான் பயன்படுத்த மாட்டேன்.

கோப்புகள் அரியவை என்றால், முதலில் கார்டு முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக (கார்டில் உள்ளதை அப்படியே கொண்ட டிஸ்க் இமேஜ்) நகலெடுத்து, அந்தப் படிமத்திலேயே வேலை செய்யுங்கள். ஏனெனில் படிக்க மட்டும் என்று குறிப்பிட்டு இணைத்தாலும், சரியாக நிறுத்தப்படாத எக்ஸ்ட்4 பிரிவில், முடிவுறாத பதிவுகளைச் சரிசெய்வதற்காக லினக்ஸ் கார்டில் எழுதக்கூடும். நகலெடுக்கும் டிரைவும் ஃபேட்32 ஆக இருந்தால், 4 ஜிபி அளவை எட்டும் கோப்பு அதில் அடங்காது. கோப்புகளின் உரிமையாளர், அனுமதி விவரங்களும் அங்கே தங்காது.